வெற்றிடத்தில் பிறக்கும் ஜோடிகள்: துகள் இயற்பியலை இயக்கிப் பார்க்கும் குவாண்டம் கணினிகள்

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்று முழுவதும் உறிஞ்சி எடுக்கப்பட்ட எஃகுக் கலம். அதன் நடுவே, மின்முனைகளுக்கு இடையில், எதையும் தொடாமல் அந்தரத்தில் வரிசைகட்டி நிற்கின்றன நான்கு கால்சியம் அயனிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் அதில் சில பங்கு. ஊதா நிற லேசர் பட்டதும் கேமராவில் அவை தெரிகின்றன. முதலாவது ஒளிர்கிறது, இரண்டாவது இருண்டிருக்கிறது, மூன்றாவது ஒளிர்கிறது, நான்காவது இருண்டிருக்கிறது.

ஒளி, இருள், ஒளி, இருள். இந்த வரிசைக்கு ஆய்வாளர்கள் வைத்த பொருள் ‘வெற்றிடம்’. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் தங்கள் நிலையை மாற்றிக்கொண்டு, ஒளிர வேண்டியது இருண்டு, இருள வேண்டியது ஒளிர்ந்தால், அந்த இடத்தில் ஒரு துகளும் அதன் எதிர்த்துகளும் பிறந்திருக்கின்றன என்று பொருள்.

சிவப்பு லேசர் துடிப்புகள் அயனிகள்மீது ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்கின்றன. ஓர் ஓட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட செயல்கள். முடிந்ததும் படம் எடுக்கப்படுகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. குவாண்டம் உலகில் ஒரு முறை பார்ப்பது ஒரு முறை தாயம் உருட்டுவதைப் போன்றது. பல முறை உருட்டினால்தான் எந்த எண் எவ்வளவு விழுகிறது என்பது புரியும். அப்படித் திரும்பத் திரும்ப எடுத்த படங்களை எண்ணிப் பார்த்தபோது வரைபடம் தெளிவாகத் தெரிந்தது. வெறுமையில் ஜோடிகள் பிறந்து எண்ணிக்கை ஏறுகிறது. பிறந்தவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எண்ணிக்கை இறங்குகிறது.

ரைனர் பிளாட், பீட்டர் ஸோல்லர் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த இந்தச் சோதனை 2016 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கலத்துக்குள் உண்மையான எலெக்ட்ரானோ பாசிட்ரானோ பிறக்கவில்லை. அவை பிறக்கும் விதியை நான்கு அயனிகள் நடித்துக் காட்டின. துகள் இயற்பியலின் கோட்பாடு ஒன்று குவாண்டம் கணினியில் நொடிக்கு நொடி இயங்கிய முதல் காட்சி அது.

சமன்பாடு கையில், விடை தூரத்தில்

அணுக்கருவை ஆளும் விதிகள் 1973-லேயே தெரிந்துவிட்டன. புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகளைக் கட்டி வைப்பவை குளுவான்கள். இவற்றின் நடத்தையைச் சொல்லும் கோட்பாட்டுக்கு குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் என்று பெயர். அதன் அடிப்படைப் பண்பைக் கண்டறிந்த டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் மூவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். சமன்பாடுகள் ஒரு பனியனில் அச்சிடும் அளவுக்குச் சிறியவை. அவற்றிலிருந்து விடை எடுப்பதுதான் ஐம்பது ஆண்டுகளாகத் தொடரும் பாடு.

புரோட்டானின் எடையே இதற்குச் சாட்சி. அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் மொத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் வரும். மீதி அத்தனையும் குளுவான் புலத்திலும் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அடைபட்ட ஆற்றல். மனித உடலின் எடையில் பெரும்பங்கு இந்தக் கட்டிப்போட்ட ஆற்றலே. அதைக் காகிதத்தில் கணக்கிட வழியில்லை.

1974-இல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் ஒரு வழி காட்டினார். இடத்தையும் காலத்தையும் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல், வாசலில் இடும் புள்ளிக் கோலத்தைப் போலப் புள்ளிகளாகப் பிரிப்பது. குவார்க்குகள் புள்ளிகளில் உட்காரும். புள்ளிகளை இணைக்கும் கோடுகளில் விசைப்புலம் ஓடும். இந்த அமைப்புக்கு ‘லாட்டிஸ்’ என்று பெயர். 1980-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் மைக்கேல் க்ரூட்ஸ், பக்கத்துக்கு 10 புள்ளிகள் கொண்ட சிறிய லாட்டிஸில், குவார்க் விசையின் எளிய உறவான ஒரு கோட்பாட்டைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். 2008-இல் ஐரோப்பியக் குழு ஒன்று சூப்பர் கம்ப்யூட்டர்களின் துணையோடு புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் நிறைகளை, அளந்த மதிப்புக்குச் சில சதவீத வித்தியாசத்துக்குள் கணக்கிட்டது.

சூப்பர் கம்ப்யூட்டர் திணறும் இடம்

அந்த வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. லாட்டிஸ் கணக்கு, சாத்தியமான கோடானு கோடி அமைப்புகளை எல்லாம் எண்ணுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற முறையில் முக்கியமான சிலவற்றை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறது. ஒவ்வோர் அமைப்பும் வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண் நேர்மறையாக இருக்கும்வரை இது பிரமாதமாக வேலை செய்யும். அப்படி இருப்பதற்காகவே கணக்கில் காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிவிடுகிறார்கள். அந்தத் தந்திரத்தால் நிலையான துகளின் நிறை கிடைக்கும். அந்தத் துகள் அடுத்த நொடி என்ன செய்யும் என்பது கிடைக்காது.

காலத்தை உள்ளபடியே வைத்தால் வாய்ப்பு எண்கள் கூட்டலும் கழித்தலுமாக மாறி ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. குவார்க்குகளை நெருக்கி அடைத்தாலும் இதே கதி. இதற்கு ‘குறிச் சிக்கல்’ என்று பெயர். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடையை அறிய, பழத்தை வைத்த லாரியையும் வைக்காத லாரியையும் எடைமேடையில் ஏற்றி வித்தியாசம் பார்ப்பதற்கு ஒப்பானது இது. எடைமேடையின் சிறு தடுமாற்றத்தில் பழம் காணாமல் போகும். இத்தகைய சிக்கலுக்குப் பொதுவான எளிய தீர்வு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மத்தியாஸ் ட்ராயர், உவே-யென்ஸ் வீஸே இருவரும் 2005-இல் காட்டினர்.

மாதிரி எடுக்காமல் முழுக் குவாண்டம் நிலையையும் நினைவகத்தில் வைப்பது இன்னும் கடினம். இரண்டு நிலை கொண்ட 50 பொருள்களின் கூட்டு நிலையை எழுத 2-இன் 50-ஆம் அடுக்கு எண்கள் வேண்டும். அதாவது ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல். ஒரு பொருள் கூடினால் இந்தத் தேவை இரட்டிக்கும்.

1981-இல் எம்.ஐ.டி. நடத்திய மாநாட்டில் ரிச்சர்ட் ஃபைன்மன் முன்வைத்த யோசனை இந்த முட்டுச்சந்திலிருந்து பிறந்தது. இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது என்றால், அதைப் போலச் செய்யும் இயந்திரமும் குவாண்டம் விதிப்படியே நடக்கட்டும் என்பதே அதன் சாரம். 1996-இல் சேத் லாய்ட் இது பொதுவாகச் சாத்தியம் என நிறுவினார். 2012-இல் ஸ்டீபன் ஜோர்டன், கீத் லீ, ஜான் பிரெஸ்கில் மூவரும் துகள்கள் மோதிச் சிதறுவதைக் குவாண்டம் கணினியில் கணக்கிடும் முழு வழிமுறையையே வகுத்துக் கொடுத்தனர்.

பெட்டிச் செய்தி 1: சொல்லும் பொருளும்

● க்யூபிட்: குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. 0, 1 இரண்டின் கலவை நிலையிலும் இருக்கும். அயனி, அணு, மீகடத்திச் சுற்று எதனாலும் அமைக்கலாம்.

● குவாண்டம் கேட்: க்யூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு செயல். இரண்டு க்யூபிட்களைப் பிணைக்கும் கேட்டில்தான் பிழை அதிகம் நேரும்.

● ஹேட்ரான்: குவார்க்குகள் சேர்ந்த துகள். புரோட்டான், நியூட்ரான், பையான் ஆகியவை இந்த இனம்.

● ஷ்விங்கர் மாதிரி: ஜூலியன் ஷ்விங்கர் 1962-இல் ஆராய்ந்த கோட்பாடு. முன்னும் பின்னும் மட்டுமே நகரக்கூடிய ஒற்றைக் கோட்டு உலகில் மின்னூட்டங்களின் கதை. குவார்க்குகளைப் போலவே இதிலும் மின்னூட்டங்களைத் தனித்தனியே பிரிக்க முடியாது.

கோட்பாட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது.

முதலாவது, தொடக்க நிலையைத் தயாரித்தல். துகள் உலகின் வெற்றிடம் வெறுமையானது அல்ல. அதில் புலங்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைவையும் க்யூபிட்களில் கொண்டுவந்தால்தான் அதன்மேல் ஒரு துகளை வைக்க முடியும். பல சோதனைகளில் அதிக உழைப்பைக் கேட்பது இந்தக் கட்டமே.

இரண்டாவது, காலத்தை நகர்த்துதல். கோட்பாட்டின் விதியை ஒரே வீச்சில் செயல்படுத்த முடியாது. எனவே காலம் சிறு சிறு படிகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் துகள்கள் நகரும் பகுதி, புலத்தின் ஆற்றல் பகுதி என்று தனித்தனி கேட் தொகுதிகள் அடுத்தடுத்து இயங்கும். படி சிறிதாக இருந்தால் துல்லியம் கூடும், ஆனால் கேட்களின் எண்ணிக்கையும் கூடும்.

மூன்றாவது, அளத்தல். க்யூபிட்களைப் படித்ததும் குவாண்டம் நிலை கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நேரத்துக்கும் முழு ஓட்டத்தையும் மீண்டும் மீண்டும் நடத்த வேண்டும்.

இதனிடையே ஒரு கட்டுப்பாடு எப்போதும் காக்கப்பட வேண்டும். கோலத்தின் எந்தப் புள்ளியிலும் வந்து சேரும் புலக் கோடுகளும் புறப்படும் கோடுகளும் அங்குள்ள மின்னூட்டத்தோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும். பள்ளிப் பாடத்தில் வரும் காஸ் விதி இதுவே. ஒற்றைக் கோட்டு உலகில் இந்த விதியே ஒரு சலுகையும் தருகிறது. மின்னூட்டங்கள் எங்கே என்று தெரிந்தால் புலம் தானாகத் தெரிந்துவிடும். இன்ஸ்புருக் குழு இதைப் பயன்படுத்திப் புலத்தைக் கணக்கிலிருந்தே நீக்கியதால்தான் நான்கு அயனிகள் போதுமானதாயின. இரண்டு, மூன்று பரிமாணங்களில் இந்தச் சலுகை கிடையாது.

குளுவான்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒவ்வொரு கோட்டிலும் புலம் எத்தனையோ நிலைகளில் இருக்கலாம், ஆனால் க்யூபிட்கள் கொஞ்சமே. எங்கே வெட்டுவது, எந்த மாறிகளில் எழுதுவது என்பதே தனி ஆராய்ச்சியாகிவிட்டது. இந்திய இயற்பியலாளர் இந்திராக்ஷி ராய்சௌத்ரி, ஜெஸ்ஸி ஸ்ட்ரைக்கருடன் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வடிவம் இதில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. புலத்தை நேரடியாக எழுதாமல் வளையங்கள், இழைகள், ஹேட்ரான்கள் என்று எழுதுவதால், கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி எழுதும்போதே நிறைவேறிவிடுகிறது.

நான்கிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு

2016-க்குப் பின் வளர்ச்சி வேகமெடுத்தது. 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சாவேஜ் உள்ளிட்டோர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘ஈகிள்’ வகை இயந்திரங்களில் ஷ்விங்கர் மாதிரியின் வெற்றிடத்தை 100 க்யூபிட்களில் உருவாக்கினர். அவர்கள் கையாண்ட உத்தி எளிமையானது, ஆழமானது. வெற்றிடத்தில் ஓரிடத்து அலைவு தொலைவில் உள்ள இன்னோர் இடத்தை ஏறக்குறைய பாதிப்பதில்லை. எனவே சிறிய லாட்டிஸில் சாதாரணக் கணினியால் கண்டுபிடித்த செய்முறையைப் பெரிய லாட்டிஸுக்கு அப்படியே நீட்டிக்கலாம். தொடர்ந்து அதே நிறுவனத்தின் ‘டொரினோ’ இயந்திரத்தில் 112 க்யூபிட்களில் ஒரு ஹேட்ரான் அலையை வைத்து, அது பரவுவதை 14 காலப் படிகளுக்குப் பின்தொடர்ந்தனர். அதற்குத் தேவைப்பட்ட இரு-க்யூபிட் கேட்கள் 13,858.

2025 ஜூனில் இரண்டு குழுக்களின் முடிவுகள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. இரண்டுமே இழை அறுதலைப் பற்றியவை. இரண்டு குவார்க்குகளை விலக்கினால் இடையிலுள்ள புலம் இழைபோல் ஒடுங்கி இழுக்கும். அந்த இழுவிசை, பூமியில் 16 டன் சுமையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். விலக விலக இழையில் ஆற்றல் சேர்ந்து, ஒரு கட்டத்தில் புதிய குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் வெற்றிடத்திலிருந்தே பிறந்து இழை அறுபடும். அறுந்த இரு முனைகளிலும் ஒவ்வொரு குவார்க் ஒட்டிக்கொள்வதால் தனிக் குவார்க் ஒருபோதும் அகப்படாது.

கூகுள் குழு மீகடத்திச் சில்லிலும், ஹார்வர்டு, இன்ஸ்புருக் ஆய்வாளர்களும் குவேரா நிறுவனமும் அடங்கிய குழு லேசர் ஒளியால் பிடித்து நிறுத்திய ருபிடியம் அணுக்களிலும் இழைகளின் இந்த நடத்தையை இரு பரிமாணத் தளத்தில் கண்காணித்தன. இரண்டும் எளிமையாக்கிய கோட்பாடுகள். குவார்க்குகளின் முழுக் கோட்பாடு இன்னும் ஏற்றப்படவில்லை. ஆனால் ஒற்றைக் கோட்டிலிருந்து தளத்துக்கு வந்ததே பெரிய தாவல், ஏனெனில் தளத்தில்தான் இழை வளையவும் நெளியவும் முடியும்.

பெட்டிச் செய்தி 2: எண்களில்

● 4: 2016 இன்ஸ்புருக் சோதனையில் பயன்பட்ட க்யூபிட்கள்

● 112: 2024-இல் ஹேட்ரான் அலையைப் பின்தொடர்ந்த க்யூபிட்கள்

● சுமார் 2 லட்சம் கோடி டிகிரி: குவார்க்குகள் கட்டவிழும் வெப்பநிலை. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோ நொடிகளில் பிரபஞ்சம் இதைவிடச் சூடாக இருந்தது

● மீட்டருக்குச் சுமார் 13 லட்சம் லட்சம் கோடி வோல்ட்: வெற்றிடத்திலிருந்து எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளைத் தாராளமாகப் பறிக்கத் தேவையான மின்புலம்

● ரூ.6,003.65 கோடி: 2023 ஏப்ரலில் இந்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் ஒதுக்கீடு. அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளது

கைகூடினால் என்ன கிடைக்கும்?

முதல் பயன் மோதல் கூடங்களுக்கு. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் வளையத்தில் புரோட்டான்கள் மோதும்போது, சிதறும் குவார்க்குகள் இழைகளை இழுத்து அறுத்து ஹேட்ரான் கூட்டங்களாகக் கருவியில் வந்து விழுகின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து மூலக் குவார்க்கைக் கண்டுபிடிக்க, இழை எப்படி அறுபடும் என்று தெரிய வேண்டும். இதற்கு இன்று பெரிதும் கைகொடுப்பது ஸ்வீடனின் லுண்ட் நகரில் உருவான இழை மாதிரி. ஷ்விங்கர் சொன்ன ஜோடிப் பிறப்புச் சூத்திரமே அதற்கும் அடித்தளம். ஆனால் அதிலுள்ள பல எண்கள் அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து வந்தவை அல்ல. சோதனை முடிவுகளோடு பொருந்தும்படி சரிசெய்து வைத்தவை. புதிய இயற்பியலின் சிறு தடயத்தைத் தேடும்போது, இந்தச் சரிசெய்தலால் வரும் ஐயம் கூடவே நிற்கிறது. இழை அறுவதைக் கோட்பாட்டிலிருந்தே கணக்கிட்டால் அந்த ஐயம் குறையும்.

இரண்டாவது, பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவம். அப்போது குவார்க்குகளும் குளுவான்களும் கட்டின்றிக் கலந்த குழம்பாக இருந்தன. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு இந்தக் குழம்பைச் சிறு துளியாக மீண்டும் உண்டாக்கினார்கள். அது வாயுவைப் போலச் சிதறாமல், ஏறக்குறைய உராய்வே இல்லாத திரவமாக ஓடுவதாக 2005-இல் அறிவித்தனர். ஏன் அவ்வளவு வழுக்கலாக ஓடுகிறது, எப்படி அத்தனை விரைவில் சமநிலைக்கு வருகிறது என்பவை காலத்தோடு நகரும் கேள்விகள். பழைய முறை திணறும் வகை.

மூன்றாவது, நியூட்ரான் விண்மீன்கள். சூரியனைவிட அதிக நிறை, சுமார் 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நசுக்கப்பட்ட பொருள்கள் அவை. ஒரு தேக்கரண்டி எடுத்தால் நூறு கோடி டன்னுக்கு மேல் எடையிருக்கும். மையத்தில் நியூட்ரான்கள் நியூட்ரான்களாகவே இருக்கின்றனவா, குவார்க்குகளாக உடைந்துவிட்டனவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2017 ஆகஸ்ட் 17-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வு ஈர்ப்பலைக் கருவிகளில் பதிவானது. வானம் தரவு அனுப்பத் தொடங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்பாட்டுக் கணக்கு வேண்டும். அங்கே குறிச் சிக்கல் குறுக்கே நிற்கிறது.

நான்காவது பயன் குவாண்டம் கணினிக்கே திரும்பி வருகிறது. அலெக்ஸி கிட்டாயேவ் 1997-இல் வகுத்த பிழைதிருத்த முறை, ஓர் எளிய லாட்டிஸ் விசைக் கோட்பாட்டின் வடிவத்தையே கொண்டது. அதில் பிழை நேர்ந்த இடம், காஸ் விதி மீறப்பட்ட புள்ளியாகத் தெரியும். துகள் இயற்பியலைச் சிமுலேஷன் செய்யும்போதும் இதே உத்தி உதவும். கணக்கு ஒத்துப்போகாத புள்ளியைக் கண்டால், அந்த ஓட்டத்தில் தவறு புகுந்துவிட்டது என்று உடனே அறியலாம்.

இன்னும் தாண்ட வேண்டிய ஆறு

இதுவரை கிடைத்த முடிவுகளில் பெரும்பாலானவற்றைச் சாதாரணக் கணினியாலும் சரிபார்க்க முடியும். ஒற்றைக் கோட்டு உலகில் க்யூபிட்களுக்கு இடையிலான பிணைப்பு குறைவாகவே இருப்பதால், ‘டென்சர் வலை’ எனப்படும் கணக்கு முறைகள் நன்கு ஈடுகொடுக்கின்றன. இது ஒருவகையில் பலம். புதிய இயந்திரத்தின் விடையைப் பழைய இயந்திரம் உரசிப் பார்க்கிறது. குவாண்டம் கணினி தனித்து முந்த வேண்டிய இடம் மோதல்களின் பிந்தைய கட்டமும், இரண்டு மூன்று பரிமாணங்களும். அங்கே பிணைப்பு பெருகி டென்சர் வலைகள் தளர்ந்துவிடும்.

அங்கே போவதற்குத் தடை பிழைகளே. இன்றைய இயந்திரங்களில் பலவற்றில், ஆயிரம் இரு-க்யூபிட் கேட்களுக்குச் சிலவாவது தவறுகின்றன. 13,858 கேட்கள் கொண்ட ஓட்டத்தில் எத்தனை தவறுகள் சேரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். விடை தெரிந்த ஓர் ஒத்த ஓட்டத்தையும் கூடவே நடத்தி, அதில் எவ்வளவு பிசகியது என்று பார்த்து, உண்மையான ஓட்டத்தின் விடையைத் திருத்துகிறார்கள். தற்காலிக மருந்து இது. நிரந்தரத் தீர்வு, பல க்யூபிட்களைக் கூட்டி ஒரே நம்பகமான க்யூபிட்டாக நடத்தும் பிழைதிருத்தம். 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 க்யூபிட் ‘வில்லோ’ சில்லில், குறியீட்டின் அளவை ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் பிழை பாதிக்கும் கீழாகக் குறைவதைக் காட்டியது. நினைவில் வைத்திருப்பதில் கிடைத்த வெற்றி அது. அதே பாதுகாப்போடு நீண்ட கணக்கைச் செய்து முடிப்பது அடுத்த வேலை.

வன்பொருள் தயாராகும்வரை கோட்பாட்டாளர்கள் கை கட்டி நிற்கவில்லை. இரண்டுக்கும் மேற்பட்ட நிலைகளை ஒரே அயனியில் பயன்படுத்தினால் புலத்தை அடக்கமாக எழுதலாம் என்பதை இன்ஸ்புருக், வாட்டர்லூ குழுக்கள் 2025-இல் இரு பரிமாண மாதிரியில் செய்து காட்டின. புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போய்த் தொடர்ச்சியான உலகின் விடையை எட்டுவது, முழுக் குளுவான் புலத்தையும் மூன்று பரிமாணங்களில் ஏற்றுவது ஆகிய இரண்டும் பட்டியலில் மிச்சம் இருக்கின்றன.

சாதாரணக் கணினி சரிபார்க்க முடியாத விடை வந்தால் அதை எப்படி நம்புவது என்ற கேள்விக்கும் வழி வகுக்கப்பட்டு வருகிறது. அயனி, அணு, மீகடத்தி ஆகிய மூன்று வகை இயந்திரங்களிலும் பிழைகளின் தன்மை வேறு வேறு. மூன்றும் ஒரே விடையைத் தந்தால் நம்பிக்கை கூடும். காஸ் விதியும் ஆற்றல் அழியாமையும் ஒவ்வொரு படியிலும் காவல் நிற்கும். இறுதித் தீர்ப்பை மோதல் கூடங்களின் அளவீடுகள் சொல்லும்.

இந்தப் பயணத்தின் நீளத்தை அளக்க லாட்டிஸின் சொந்த வரலாறே ஓர் அளவுகோல். 1974-இல் வில்சன் தாளில் புள்ளிகளை வைத்தார். 1980-இல் க்ரூட்ஸ் பக்கத்துக்கு 10 புள்ளிகளோடு கணினியை ஓட்டினார். புரோட்டானின் எடை சில சதவீதத் துல்லியத்தில் கைக்கு வந்தது 2008-இல். இடையில் ஓடியவை 34 ஆண்டுகள். அத்தனை காலமும் கணினிகள் வளர்ந்தன, கணக்கிடும் முறைகளும் வளர்ந்தன. புரோட்டானின் எடை என்ன என்ற கேள்வி அப்படித் தீர்ந்தது. இரண்டு புரோட்டான்கள் மோதிய பிறகு நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்ற கேள்வி, 2016-இல் நான்கு அயனிகளோடு தன் முதல் லாட்டிஸை இட்டிருக்கிறது.